சமாதானம் உண்டா?

தொடர்கதை: தூசி வீடு
அத்தியாயம் 11

அப்பாவின் கவிதையை அடுப்பில் போட்டுவிட்டு, கரண்டியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த நெஸ்டாவை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். நமக்கு அது போன வாரம். ஹெர்மோன் கிராமத்தில் அதற்குள் பிப்ரவரி முழுக்கப் பெய்து தீர்ந்துவிட்டது. இன்று மார்ச் ஒன்று. வேல்ஸ் நாட்டின் காவல் புனிதரான தாவீதின் நாள்.

ஹெர்மோன் ஜெபக்கூடத்துக்காரர்கள் புனிதர்களைக் கும்பிடுகிறவர்கள் அல்ல. சிலை ஆகாது, மெழுகுவத்தி ஆகாது. ஆனால் இந்த ஒரு புனிதருக்கு மட்டும் வருஷம் தவறாமல் விருந்து உண்டு, பாட்டு உண்டு, கவிதைப் போட்டி உண்டு. ஜெயித்தவருக்கு ஓக் மரத்தில் செய்த நாற்காலி ஒன்று. வேல்ஸ் நாட்டில் ஒரு கல்குவாரித் தொழிலாளி சாவதற்கு முன் ஆசைப்படக்கூடிய பொருள் அதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

எலியாஸ் ப்ரிச்சர்ட் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட ஆரம்பித்தபோது நெஸ்டா பிறந்திருக்கவில்லை. ஒருமுறைகூட அவர் ஜெயித்ததில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க, சிலேட்டுத் தூசி அடைத்த நுரையீரலோடு, படுக்கையில் சாய்ந்தபடி வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பேனா பிடிக்க அவர் விரல்களுக்கு வலு இல்லை. நெஸ்டா எழுதினாள். போட்டிக்கு யாரும் சொந்தப் பெயரில் எழுதக்கூடாது என்பதால் ‘ஒற்றைக் காகம்’ என்று புனைபெயர் வைத்தார். அந்தப் பெயர் அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

‘ஒற்றைக் காகம்’ என்ற பெயரில் நெஸ்டா அனுப்பியது அவருடைய கவிதையை அல்ல. தன்னுடையதை.

இது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

*

"கதவைச் சாத்தச் சொல்லு உன் பிள்ளைகிட்ட. குளிர் உள்ள வருது" என்றார் எலியாஸ்.

"சாத்திட்டேன்னு சொல்லும்மா" என்றான் இத்வல்.

"நான் என்ன தபால் ஆபீஸா? அது அவ வேலை" என்று காத்ரின் முகவாயால் நெஸ்டாவைக் காட்டினாள். ஊர்த் தபால் நிலையத்தின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நெஸ்டா.

கிறிஸ்துமஸிலிருந்து அப்பாவும் மகனும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. குவாரியை விட்டுவிட்டு இங்கிலாந்தில் கார் தொழிற்சாலைக்குப் போகிறேன் என்று இத்வல் சொன்ன அன்று நின்ற பேச்சு. வருகிற சனிக்கிழமை அவனுக்கு ரயில்.

காத்ரின் புருஷனின் கோட்டில், தாவீது நாளின் அடையாளமாக, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் தண்டு ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தாள். நெஸ்டாவுக்கு மஞ்சள் டாஃபடில் பூ. எலியாஸுக்குப் பூ ஆகாது. பூவெல்லாம் கடைக்காரர்கள் கண்டுபிடித்தது, புனிதர் தின்றது லீக்ஸ்தான் என்பது அவர் கட்சி.

"ஆடாம நில்லுங்க எலியாஸ்."

"நான் ஆடல. மூச்சு ஆடுது."

"அப்ப அதை நிறுத்துங்க."

"நிறுத்திடுவேன். அவசரப்படாத."

காத்ரின் சிரித்தாள். நெஸ்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன மாதம் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை வீட்டாருக்கு மொழிபெயர்த்தவள் அவள்தான். ‘கோடை வரைக்கும் தாங்கலாம்’ என்று டாக்டர் சொன்னதை, ‘கோடை வந்தால் கொஞ்சம் சரியாகும்’ என்று சொல்லியிருந்தாள். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை வைப்பது அவளுக்கு அப்படித்தான் பழக்கமாயிற்று.

"ஜெபக்கூடத்துக்கு நடந்துதான் போவேன்" என்றார் அப்பா.

"ரொட்டி ஜோன்ஸ் வண்டி வாசல்ல நிக்குதுன்னு சொல்லும்மா" என்றான் இத்வல்.

"ரொட்டியோட ரொட்டியா நாற்காலி வாங்கப் போகமாட்டேன்னு சொல்லு."

"அப்படியா? நாற்காலி வாங்கப் போறீங்களா?" காத்ரின் புருவத்தை உயர்த்தினாள்.

அவர் நெஸ்டாவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

கேட் வரைக்கும் நடந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டைக்குள் நனைந்த மணலை அள்ளிக் கொட்டுவதுபோல ஒரு சத்தம். இத்வல் போய் அவரை அப்படியே தூக்கினான். அவ்வளவு எளிதாகத் தூக்க முடியும் என்று அவன் நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ரொட்டிக் கூடைகளுக்கு நடுவில் மாவு மூட்டையின் மேல் எலியாஸ் உட்கார்ந்து போனார். அவர் தொப்பியில் மாவு ஒட்டியது. யாரும் தட்டிவிடவில்லை.

*

ஜெபக்கூடம் நிரம்பி வழிந்தது. நனைந்த கம்பளி வாசனையும், பின்கட்டில் கொதிக்கிற ஆட்டுக்கறிச் சூப்பின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மேலே ஏறின. கூம்புத் தொப்பியும் சிவப்புச் சால்வையும் போட்ட சின்னப் பெண்கள் மேடையில் வரிசையாக நின்று, தாவீது பேச ஆரம்பித்ததும் அவர் காலடி நிலம் மேடாக எழுந்து எல்லாரும் அவரைப் பார்க்கும்படி ஆன கதையை ஒப்பித்தார்கள். ஒருத்திக்கு நடுவில் மறந்துபோய் அழுகை வந்தது. கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம்.

நாற்காலி மேடையின் நடுவில் இருந்தது. முதுகில் லீக்ஸ் தண்டு செதுக்கியிருந்தது.

"என்ன எலியாஸ், இந்த வருஷமாவது எனக்கு ஓய்வு குடுப்பியா?" பின்வரிசையிலிருந்து வில்லியம் ஓவன் குனிந்தார். குவாரியின் கொல்லர். பல தடவை ஜெயித்தவர். "வீட்ல இடமே இல்லப்பா. ஒரு நாற்காலில நான், ஒண்ணுல பூனை, மத்ததுல உருளைக்கிழங்கு மூட்டை."

"மூட்டைக்கும் உனக்கும் வித்தியாசம் தெரியாம பூனைதான் குழம்பியிருக்கும்" என்றார் எலியாஸ்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அவர் இன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார்.

போன வருஷம் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ‘இந்தக் கவிஞருக்குக் காது இருக்கிறது, சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை’ என்று நடுவர் மேடையில் சொன்னபோது கூட்டம் கொல்லென்று சிரித்தது. புனைபெயர்தான், யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பாவின் கழுத்து மெல்லச் சிவந்ததை நெஸ்டா பார்த்தாள். அவள் பார்த்ததை வேறு நாலு பேரும் பார்த்தார்கள். இந்த வருஷம் அவர் சொன்ன வரிகளை எழுதும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கழுத்துதான் அவள் கண்முன் நின்றது. வரிகள் ஒடிந்து ஒடிந்து வந்தன. பாதியில் நின்றன. இதைக் கொண்டுபோய் அந்த மேடையில் கிழிக்கக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அதுதான் காரணம் என்று தனக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

நடுவராக வந்திருந்தவர் வேறு பள்ளத்தாக்கிலிருந்து வந்த போதகர் மேரிக். உயரமான, குளிர்ந்த மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கடைசி இடத்துக்கு வந்த கவிதையிலிருந்து ஆரம்பித்தார். ‘கதவு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தோம், சிலர் அதில் முட்டிக்கொண்டார்கள் என்றார். சிரிப்பு. ஒவ்வொரு புனைபெயராக மேலே வந்தார். ஒவ்வொன்றும் ‘ஒற்றைக் காகம்’ இல்லை என்று ஆக ஆக, எலியாஸ் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். வில்லியம் ஓவன் பின்னால் பெருமூச்சு விட்டார். அவருடைய புனைபெயர் அதற்குள் வந்து போய்விட்டது போல.

"மிஞ்சியது ஒன்று" என்றார் மேரிக். "ஒற்றைக் காகம்."

அப்பாவின் கை வந்து நெஸ்டாவின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் இவ்வளவு பலம் எங்கே இருந்தது! எலும்பு நொறுங்குவதுபோலப் பிடித்தார். அவர் முகத்தை அவள் திரும்பிப் பார்த்தாள். மாவு ஒட்டிய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் முட்ட நின்றிருந்த அந்த முகத்தை.

"இந்தச் சபையில் ஒரு உண்மையான கவிஞர் உட்கார்ந்திருக்கிறார்" என்றார் மேரிக். "கேளுங்கள்."

அவர் வாசித்தார்.

"கைக்கு முன்னே மூச்சு வந்து கதவைத் தட்டும்.
கல்லைப் பிளந்தவன் வருகிறான்;
கல்லும் அவனுக்குள் ஏறி, காலோடு கால் வைத்து
வீட்டுக்கு வருகிறது."

கூட்டத்தில் எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். தன் வரி அந்த உயரமான கூரைக்குக் கீழே நடந்துபோவதைக் கேட்டபோது நெஸ்டாவுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. இனிப்பாக ஏதோ ஒன்று. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை அவளால் பிற்பாடு மறக்க முடியவில்லை.

மணிக்கட்டின் மேல் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தார். அதில் இருந்த மாவைத் தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே இருந்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டுவதற்கு முன்னால் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து அவர் மூச்சைக் கேட்டவர்கள் உலகத்தில் மூன்றே பேர். அவர்களில் ஒருத்திக்குத்தான் அந்தப் புனைபெயர் தெரியும்.

எக்காளம் ஊதப்பட்டது.

"ஒற்றைக் காகம், ஒற்றைக் காகம் மட்டும், எழுந்து நிற்கட்டும்!"

யாரும் எழவில்லை. தலைகள் இங்கும் அங்கும் திரும்பின. ஜெயித்தவர் எழாவிட்டால் நாற்காலி மேல் துணி போர்த்தித் தச்சன் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒருமுறை நடந்ததை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"யாருடி இது, காது கேக்காத காகம்?" என்று காத்ரின் கிசுகிசுத்தாள்.

மறுபடி எக்காளம். "ஒற்றைக் காகம்!"

நெஸ்டா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப்போனாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். முழங்கால் நிமிர்வதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது.

"உக்காரு" என்றார் அப்பா.

அவள் தோளை அழுத்திக்கொண்டு அவர் எழுந்து நின்றார்.

ஜெபக்கூடம் இடிந்துவிடும் போலக் கைதட்டல். வில்லியம் ஓவன் பெஞ்சு மேலேயே ஏறி நின்று, "எலியாஸ்! டேய் திருடா! இவ்வளவு நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?" என்று கத்தினார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. காத்ரின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புனிதருக்கு எழுந்ததுபோல அப்பாவின் காலடியில் நிலம் எழவில்லை. அவர் எடை முழுக்க இறங்கிய இடத்தில், நெஸ்டாவின் தோள் நாள் முழுக்க வலித்தது.

இரண்டு பேர் வந்து கைத்தாங்கலாக அவரை மேடைக்கு அழைத்துப்போனார்கள். தோளில் அங்கியைப் போர்த்தினார்கள். நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் தலைக்கு மேல் உறையோடு ஒரு பெரிய வாளைப் பிடித்து, பாதி உருவினார்கள்.

"சமாதானம் உண்டா?"

"சமாதானம்!" என்றது கூட்டம். வாள் உறைக்குள் போனது.

மறுபடி உருவினார்கள். "சமாதானம் உண்டா?"

"சமாதானம்!"

மூன்றாவது முறை. "சமாதானம் உண்டா?"

மூன்று முறையும் நெஸ்டாவின் வாய் திறக்கவில்லை. மேடையில் நின்றிருந்த மனிதரின் உதடுகளும் அசையவில்லை. பக்கத்தில் இத்வல் எல்லாரையும்விடப் பெருங்குரலில், "சமாதானம்!" என்றான்.

"உட்காருங்கள், எலியாஸ் ப்ரிச்சர்ட்" என்றார் போதகர்.

"நிக்கிறேன்."

"இது உங்களுடையது. உட்காருங்கள்."

"உக்காந்தா இருமல் வரும்" என்றார் அப்பா.

கூட்டம் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது. கடைசிவரை அவர் உட்காரவில்லை. நாற்காலியின் கைப்பிடியைக்கூடத் தொடவில்லை.

*

நாற்காலியை வில்லியம் ஓவனும் இத்வலும் தோளில் சுமந்து மழையில் கொண்டுவந்தார்கள். வாசல் குறுகல். பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கால் நிலையில் இடித்து, உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

"பாத்து! பாத்து! புது நாற்காலிடா, உங்க வீட்டு உருளைக்கிழங்கு மூட்டை இல்ல" என்றாள் காத்ரின். அவள் அன்று ஒரு பத்து வயது குறைந்திருந்தாள். கல்லில் சுட்ட திராட்சை ரொட்டியைத் தட்டுத் தட்டாக எடுத்துவந்து, வந்தவர் வாயில் எல்லாம் திணித்தாள். வந்தவர்கள் நாற்காலியைத் தடவினார்கள், எலியாஸின் முதுகைத் தட்டினார்கள், இருமல் வரவழைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவர் அடுப்பங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து, "ஆமா", "நன்றி", "ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் இத்வல் அவர் எதிரே வந்து நின்றான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா."

காத்ரின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"நீங்க வர்ற சத்தம், தட்டறதுக்கு முன்னாடியே எங்களுக்குக் கேக்கும். சின்ன வயசிலிருந்து கேக்கும். கேட்டுட்டு நாங்க விளையாட்டை நிறுத்திடுவோம். அது உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதுப்பா." அவன் குரல் உடைந்தது. "உங்களுக்குக் குவாரியைத் தவிர ஒண்ணுமே கண்ல படாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நான் சனிக்கிழமை போகல. நீங்க... உங்களுக்குச் சரியாகற வரைக்கும் போகல."

எலியாஸ் மகனைப் பார்க்கவில்லை. மகனின் தோளுக்கு மேலாக நெஸ்டாவைப் பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாமா? புள்ள அழுதுகிட்டு நிக்கிறான், பாக்கலாமாம்!" காத்ரின் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வா இத்வல். சூப்புப் பாத்திரத்தை எல்லாம் கூடத்துல திருப்பிக் குடுக்கணும். அப்பாவும் மகளும் நாற்காலியைப் பாத்துகிட்டு இருக்கட்டும்."

இருவரும் பாத்திரங்களோடு மழையில் இறங்கினார்கள். கதவு சாத்தப்பட்டது.

*

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விளக்கை ஏற்ற நெஸ்டா எழுந்தாள்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "என் பாட்டு எங்க?"

அவள் தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எரிச்சுட்டேன்."

அடுப்பில் கரி சரிந்தது. அவர் அதையே பார்த்தார், அங்கே இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமா என்பதுபோல.

"இதுலயா?"

"ஆமாப்பா."

"அவ்வளவு மோசமா இருந்துதா?"

"அவங்க சிரிச்சுடுவாங்கன்னு... போன வருஷம் மாதிரி..."

"நான் அதைக் கேக்கல. மோசமா இருந்துதா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதிலை அதிலிருந்தே அவர் எடுத்துக்கொண்டார். தலையை மெல்ல ஆட்டினார்.

"உன்னோடது நல்லா இருக்கு. அதுதான் கஷ்டமா இருக்கு. மோசமா இருந்திருந்தா அடிச்சிருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "காலோடு கால் வெச்சு... அந்த வரி நீளம். அங்க ஓசை இடறுது. அந்த நடுவருக்குக் காது போதாது."

அவள் அழ ஆரம்பித்தாள். "நான்தானேப்பா எழுந்திருக்கப் போனேன்? ஏன் என்னை உக்கார வெச்சீங்க?"

"நீ எழுந்திருந்தா என்ன ஆகும்? எலியாஸோட பாட்டை அவன் பொண்ணே குப்பைல போட்டாள்னு ஊருக்குத் தெரியும். உனக்காகன்னு நெனச்சுக்காத. எனக்காகத்தான் எழுந்தேன். இன்னொருத்தன் வரியை எடுத்துக்கிட்டு நிக்கறவனை இத்தனை வருஷமா நான் மனுஷன்னே மதிச்சதில்ல. இன்னிக்கு நானே நின்னேன். எல்லாரும் சமாதானம்னு கத்தினாங்க."

நீண்ட நேரம் இருமினார். துணியை வாயிலிருந்து எடுத்து மடித்து, அவள் பார்க்காதபடி பைக்குள் வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு டாக்டர் இங்கிலீஷ்ல சொன்னாரே. அதுலயும் ஏதாவது விட்டுட்டியா?"

நெஸ்டா தரையைப் பார்த்தாள். நாற்காலியின் கால் இடித்த இடத்தில், நிலையிலிருந்து பெயர்ந்த ஒரு சின்னப் பெயிண்ட் துண்டு கிடந்தது.

"சரி" என்றார் அப்பா. "விடு."

மழை ஓட்டில் பெய்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தபோது பேசினார்.

"எனக்கு அது ஞாபகம் இல்லடி. ஜனவரி காய்ச்சல்ல போயிடுச்சு. கதவு முன்னால நிக்கிறேன், அது மட்டும் இருக்கு. எழுதின கை உன்னோடது. உனக்கு ஞாபகம் இருக்கும். சொல்லு."

"அப்பா..."

"சொல்லுன்னேன்."

அவள் சொன்னாள். தபால் நிலையத்தில் தந்தி வாசிக்கிற குரலில், வேகமாக.

"திறக்காத கதவுக்கு முன்னால் நின்றேன் தட்டவில்லை உள்ளே யாரோ என்னைப் போலவே தட்டாமல் நின்றார்..."

"நிறுத்து! என்ன இது? ரயில் விடறியா?" கண்ணைத் திறந்துவிட்டார். "நின்றேன்னு சொல்லிட்டு நான் நிறுத்தினேன்ல?"

"நீங்க... இருமினீங்க."

"நிறுத்தினேன்! தட்டவில்லை, அது தனியா நிக்கணும். உள்ளே, அங்க ஒரு மூச்சு. யாரோ, அங்க ஒரு மூச்சு. என் மூச்சு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் வரி. வேற எப்படி நான் பாடுவேன்? நீ அதையெல்லாம் எழுதலியா?"

அவள் எழுதவில்லை. அவர் நின்ற இடங்களை எல்லாம் நோய் என்று எடுத்துக்கொண்டாள். தலையணையைச் சரிசெய்வதுபோல அவற்றைச் சரிசெய்து, வரிகளை ஒட்டி ஒட்டி எழுதினாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது தட்டையாக இருந்தது. அதனால் எரித்தாள்.

"மறுபடி சொல்லு. மெதுவா."

இந்தத் தடவை அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் இழுக்கும்போது நின்றாள். விடும்போது சொன்னாள்.

"திறக்காத கதவுக்கு முன்னால்
நின்றேன்.
தட்டவில்லை.
உள்ளே
யாரோ
என்னைப் போலவே
தட்டாமல்
நின்றார்."

இருட்டில் அந்த வரிகள் ஒவ்வொன்றாக நடந்து வந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றன. நெஸ்டாவுக்குத் தன்னுடைய வரி மேடையில் கேட்டபோது வந்த இனிப்பு ஞாபகத்துக்கு வந்தது. இந்த வரிகளுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. போட்டிக்கு இது போயிருந்தால், மேரிக் இதை வாசித்திருந்தால், இப்படி வாசித்திருந்தால்...

"அடுத்தது" என்றார் அப்பா. அவர் முகம் காலையில் இருந்ததுபோல ஆகியிருந்தது.

"குளிரில்
நான் காத்திருந்தேன்.
கதவும்
காத்திருந்தது."

"ஆமா. ஆமா. அப்புறம் மழை வரும். சொல்லு."

மழை வரும். அது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. மழை என்று ஆரம்பிக்கும். அதற்கு அப்புறம் என்ன? பக்கத்தின் கீழ் ஓரத்தில், மை கொஞ்சம் கசிந்து, அந்த வரி இருந்த இடம்கூட அவள் கண்ணில் நின்றது. வரி இல்லை. அதற்குக் கீழே இருந்தவையும் இல்லை. நெருப்பு ஒரு ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்ததுதான் தெரிந்தது.

வெளியே பாதையில் காலடிச் சத்தம். கேட் திறந்து மூடும் சத்தம். இத்வல் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் சீட்டியடித்து அவள் கேட்கவில்லை.

அப்பா கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, காத்திருந்தார்.

மறந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பாட்டு இந்த நிமிஷத்தோடு செத்துப்போகும், அவர் கண் எதிரிலேயே.

நெஸ்டா அவர் மூச்சை இழுப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் விட்டபோது ஆரம்பித்தாள்.

"மழை
எங்கள் இருவர் பெயரையும்
ஒரே ஓசையில்
சொல்லிப் போனது."

அவர் உதடுகள் அந்த வரியை ஒருமுறை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தன. பிறகு அசைவு நின்றது.

கதவின் தாழ்ப்பாள் மேலே எழும்பியது.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"நெஸ்டா" என்றார். "இது யாரோடது?"